கண்களின் சாட்சியம்: புள்ளலூர்ப் போர் ஓவியமும் கர்நாடக நவாபின் உருவப்படங்களும்

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோபுரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவின் தலைவிதியை நிர்ணயித்த போர்களில் ஒன்று அந்நகரின் சுற்றுவட்டாரத்தில்தான் நடந்தது. முசரவாக்கம் முதலிய சிற்றூர்களும் நெசவாளர் தெருக்களும் ஏரிப் பாசன வயல்களும் நிறைந்த இவ்வட்டாரத்தில், காஞ்சியிலிருந்து சில மணி நேர நடைத் தொலைவில் உள்ளது புள்ளலூர். ஆங்கிலேயர் இவ்வூரின் பெயரைத் தம் நாவுக்கேற்பத் திரித்துப் 'பொல்லிலூர்' என்று எழுதினர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள், ஹிஜ்ரி 1194 ரமளான் மாதத்தில், ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையொன்றை இங்கே முற்றாக முறியடித்தனர்.

இப்போரைப் பற்றி ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் எழுதப்பட்டவை பல. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொரு வகைச் சான்றினை. போரில் ஈடுபட்டோரும் அதன் பயனை எதிர்பார்த்துச் சென்னையில் காத்திருந்தோரும் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளனர். அவ்வோவியங்களில் உள்ள கண்கள் எங்கே நோக்குகின்றன, யாரை நோக்குகின்றன, யார் பொருட்டு அவ்வாறு நோக்கும்படி வரையப்பட்டன என்பதே நம் வினா. ஓர் உருவப்படத்தில் ஆடையும் அணியும் வாளும் அரியணையும் பதவியைச் சொல்லும். பார்வையோ உறவைச் சொல்லும். அந்த உறவு வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் இடையிலானது. வரைபவனுக்கும் வரையப்படுபவனுக்கும் இடையிலானது. படத்துக்கும் அதைக் காணும் நமக்கும் இடையிலானதும்கூட.

உருவமும் மார்க்கமும்

இப்பொருள் குறித்துப் பேசும் முஸ்லிம் எழுத்தில் உருவம் வரைதல் பற்றிய மார்க்க நிலைப்பாட்டைத் தொடாமல் செல்வது முறையன்று. உருவங்களைப் படைப்போர் மறுமையில் அவற்றுக்கு உயிரூட்டுமாறு பணிக்கப்படுவர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழிகள் (ஸல்) நாம் அறிந்தவையே. அவற்றின் அடிப்படையில் இமாம்கள் விரிவாக ஆய்ந்துள்ளனர். நிழல் விழும் சிலைக்கும் தட்டையான சித்திரத்துக்கும் இடையே வேறுபாடு கண்டோர் உண்டு, காணாதோரும் உண்டு. தலை நீக்கப்பட்ட உருவம் தடைக்குள் வராது என்பது பலரும் ஏற்ற கருத்தாகும். உருவத்தின் உயிர்நிலை முகத்தில்தான் இருக்கிறது என்ற உணர்வு இதில் வெளிப்படுகிறது. முகத்திலும் கண்ணே தலையாயது. காஞ்சி போன்ற கோயில் நகரத்தின் சிற்பிகள் சிலையின் கண்களை இறுதியில் திறக்கும் வழக்கமும் இதே உணர்விலிருந்து எழுந்ததுதான். ஒரு மரபு கண்ணைத் திறந்து அதை வணக்கத்துக்குரியதாக ஆக்குகிறது. நம் மரபு அதனாலேயே அதை வணக்கத் தலத்திலிருந்து விலக்குகிறது. கண்ணின் ஆற்றல் பற்றிய மதிப்பீடு இரண்டிலும் ஒன்றே.

அதே வேளையில் முஸ்லிம் அரசவைகளில் உருவப்படங்கள் வரையப்பட்டன என்பது மறுக்க இயலாத வரலாறு. அரசர்களின் செயல் மார்க்கச் சான்று ஆகாது. எனினும் அது வரலாற்றுச் சான்று ஆகும். அக்பர் தம் அவையினர் அனைவரின் உருவங்களையும் வரையச் செய்து ஒரு பெருந்தொகுப்பாக்கினார் என அபுல் ஃபஸல் 'ஆயினே அக்பரி'யில் பதிவு செய்கிறார். எத்தனை உறுப்புகளைத் தீட்டினாலும் உயிரைத் தர இயலாத ஓவியன், உயிர் தருபவனை நினைக்கவே செய்வான் என்ற கருத்தை அக்பர் தம் வாதமாகக் கூறினார் என்பதும் அந்நூலில் உண்டு. அவ்வாதத்தை ஆலிம்கள் ஏற்றனரா என்பது வேறு. அரசரே வாதம் தேட வேண்டியிருந்தது என்பதிலிருந்து, கேள்வி உயிரோடு இருந்தது என்பது தெளிவு.

முகலாயர் கண்ட கண்

முகலாய ஓவியக் கூடத்தில் ஒரு படத்தைப் பலர் சேர்ந்து தீட்டுவது வழக்கம். ஒருவர் கோட்டுரு அமைப்பார். மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். முகத்தை மட்டும் வரையத் தனித் தேர்ச்சி பெற்றவர் இருப்பார். முகம் வரைதலை அவர்கள் 'சிஹ்ரா நாமி' என்றனர். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் தமது ஓவிய அறிவைப் பெருமையுடன் பேசுகிறார். ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் மட்டும் வேறொருவர் வரைந்திருந்தாலும், முகம் யாருடைய கை, கண் யாருடைய கை என்று தம்மால் பிரித்துச் சொல்ல முடியும் என்பது அவர் கூற்று. ஓர் அரசர் தம் பார்வைத் திறனுக்கு உரைகல்லாகக் கண்ணையும் புருவத்தையும் தேர்ந்தது தற்செயலன்று. ஓவியனின் கைத்தடம் மிக நுட்பமாகப் பதியும் இடம் அதுவே.

1618இல் நிகழ்ந்த ஒரு செய்தி இதற்கு எடுத்துக்காட்டு. இனாயத் கான் என்னும் அவையினர் அபினாலும் மதுவாலும் உடல் உருகி மரணத்தின் விளிம்பில் இருந்தார். அவரைக் கண்டு வியப்புற்ற ஜஹாங்கீர், அந்நிலையிலேயே அவரை வரையுமாறு பணித்தார். எலும்புகள் துருத்திய மார்பு, திண்டில் சாய்ந்த உடல், எதையும் பற்றாத வெற்று நோக்கு ஆகியவற்றுடன் அமைந்த அப்படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது. அதற்கான கோட்டோவியம் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கண்கள் அரசரையும் நோக்கவில்லை, நம்மையும் நோக்கவில்லை. உலகின் மீதிருந்த பிடி தளர்ந்த ஒருவரின் கண்கள் அவை. மரணத்தை நினைவூட்டும் பயான் ஒன்று செய்வதை அந்தச் சிறு தாள் செய்துவிடுகிறது. ஆனால் நோயாளியின் இறுதி வேளையை ஆர்வப் பொருளாக்கிய அரசரின் பார்வையும் அதில் கலந்துள்ளது. வரையப்பட்ட கண்ணுக்குப் பின்னால், வரையச் சொன்ன கண் ஒன்று எப்போதும் உண்டு.

முகலாய அரச உருவங்கள் காலப்போக்கில் பெரும்பாலும் பக்கத்தோற்றமாகவே நிலைபெற்றன. முகத்தின் ஒரு பக்கம் மட்டும், ஒரு கண் மட்டும் தெரியும். அக்கண்ணின் நோக்கு படத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு மலரையோ மணியையோ மற்றொரு மனிதரையோ சேரும். அல்லது படத்தின் எல்லையைக் கடந்து செல்லும். பார்ப்பவனை அது சந்திப்பதில்லை. ஆகவே பார்ப்பவன் அங்கு உரையாடுபவன் அல்லன். அவையின் ஓரத்தில் நின்று காணும் சாட்சி மட்டுமே.

ஐரோப்பிய எண்ணெய் வண்ண உருவப்படம் வேறு வகையில் இயங்குகிறது. முகம் முக்கால் பங்கு திரும்பியிருக்கும்; இரு விழிகளும் நேர்முகமாகப் பார்ப்பவனைச் சந்திக்கும்; கருவிழியில் ஒரு வெண்புள்ளி ஒளியாக மின்னும். அத்தகைய படத்தின் முன் நாம் இடமோ வலமோ நகர்ந்தாலும் கண்கள் நம்மைப் பின்தொடர்வதாகத் தோன்றும். காரணம் எளிது. உயிருள்ள மனிதரை விட்டு நாம் விலகினால், நம் கோணத்திலிருந்து அவர் கருவிழியின் இடம் மாறித் தெரியும். தட்டையான படத்தில் கருவிழிக்கும் வெண்விழிக்கும் உள்ள விகிதம் எந்தக் கோணத்திலும் மாறுவதில்லை. ஆகவே ஒருமுறை நம்மைப் பார்த்த கண் என்றும் நம்மைப் பார்க்கும். இத்தொழில்நுட்பம் வெறும் வித்தையன்று. காண்பவனை விடாது பற்றி, 'நான் யார் என்பதை ஒப்புக்கொள்' என்று கோரும் ஆற்றல் அதற்குண்டு. அந்தக் கோரிக்கை மிகவும் தேவைப்பட்ட ஒருவர் அன்று சென்னையில் இருந்தார்.

சேப்பாக்கத்து நவாப்

கர்நாடக நவாப் முஹம்மது அலி வாலாஜா ஆங்கிலேயரின் துணையால் ஆட்சியைப் பெற்றவர். அத்துணைக்கு விலையாகத் தம் வாழ்நாள் முழுதும் கடனில் அமிழ்ந்தவர். காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமையை 1763இல் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ஆற்காட்டை விட்டுச் சென்னைக் கோட்டையின் அருகில், சேப்பாக்கத்தில் 1768இல் எழுந்த அரண்மனையில் குடியேறினார். நவாபின் கடன்கள் இங்கிலாந்தின் பாராளுமன்றத்திலேயே பெரும் விவாதப் பொருளாயின. எட்மண்ட் பர்க் 1785இல் ஆற்றிய உரை அவற்றைப் பற்றியதே.

1769இல் சென்னையில் இறங்கிய டில்லி கெட்டில், இந்தியாவுக்கு வந்த ஆங்கிலத் தொழில்முறை உருவப்பட ஓவியர்களில் முன்னோடி. அவர் நவாபையும் அவருடைய புதல்வர்களையும் வரைந்தார். 1774இல் வந்த ஜார்ஜ் வில்லிசன் என்னும் ஸ்காட்லாந்து ஓவியர் நவாபின் பேராதரவைப் பெற்று அவரைப் பலமுறை வரைந்தார். இப்படங்களில் சில இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. நவாப் நேரில் செல்ல இயலாத அவைகளுக்கு அவருடைய கண்கள் சென்றன.

அப்படங்களில் நவாப் முழு உருவமாக நிற்கிறார். மெல்லிய வெண்மஸ்லின் அங்கி, முத்துமாலைகள், தலைப்பாகையில் மணிகள், கையருகே வாள், முதிர்ந்த தாடி. அவரைச் சூழ்ந்துள்ள தூணும் திரையும் ஐரோப்பிய அரசர் படங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் நேராக நோக்குகிறார். இலண்டனில் அப்படத்தின் முன் நிற்கும் கம்பெனி இயக்குநரை அவர் ஓர் அரசராக, சமநிலையில் நின்று சந்திக்கிறார். முகலாய மரபில் அரசர் நம்மைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் அரசர் என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. வாலாஜாவின் காலத்தில் அது ஐயத்துக்கு உள்ளாகிவிட்டது. எனவே அவர் பார்வை மாறியது. கடன் கொடுத்தவனின் இல்லத்தில் தொங்கும் படத்திலிருந்து கடன்பட்டவர் கம்பீரமாக நோக்குகிறார். அந்தக் கம்பீரத்துக்கு ஆன செலவும் அவர் கடன்களோடு சேர்ந்தது.

வாலாஜாவை எளிதில் எள்ளி நகையாடுவது நியாயமாகாது. திருவல்லிக்கேணியின் பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆலிம்களையும் அறிஞர்களையும் அவர் ஆதரித்தார். ஆயினும் 1795இல் அவர் மறைந்து ஆறே ஆண்டுகளில், 1801இல், ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. படங்களின் நேர்நோக்கு அவ்விழப்பைத் தடுக்கவில்லை.

தரியா தௌலத் சுவரில் மூன்று பார்வைகள்

இனிப் புள்ளலூருக்கு வருவோம். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகத்துக்குள் இறங்கினார். குண்டூர்ப் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த சர் ஹெக்டர் மன்றோவின் படையுடன் இணைய முயன்றது. செப்டம்பர் 6ஆம் நாள் பெரம்பாக்கத்தில் திப்பு அதைத் தாக்கி நிறுத்தினார். காஞ்சியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு துணைப்படை பெய்லியைச் சேர்ந்தது. ஆனால் மன்றோ தம் முழுப்படையுடன் உரிய வேளையில் நகரவில்லை. 10ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை சூழப்பட்டது. மைசூர்ப் படையின் பீரங்கியும் வாணங்களும் பொழிந்தன. மருந்து வண்டிகள் வெடித்தன. சதுர அணி குலைந்தது. எஞ்சியோர் சிறைப்பட்டனர். செய்தி அறிந்த மன்றோ தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிலேயே மாண்டார்.

1784இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அமைத்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இப்போர் பெரும் ஓவியமாகத் தீட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான மனிதரும் குதிரைகளும் யானைகளும் நெருங்கி நிறைந்த அச்சுவரில் மூன்று பார்வைகளை நாம் தனியே எடுத்து நோக்கலாம்.

முதலாவது, தோற்ற தளபதியின் பார்வை. செங்கோட்டு அணிந்த சிப்பாய்களின் சதுரத்துக்கு நடுவே பல்லக்கில் பெய்லி இருக்கிறார். விரல் வாயருகே இருக்கிறது. திகைப்பின் விரலைப் பல்லில் வைப்பது பாரசீக இலக்கியமும் ஓவியமும் நெடுங்காலம் ஆண்ட குறியீடு. மூக்கின் மேல் விரல் வைத்தல் என்று தமிழில் நாம் சொல்வதற்கு அது உறவுமுறை. ஓவியர் பெய்லியை அரக்கனாக வரையவில்லை. தமக்கு என்ன நேர்கிறது என்று விளங்காமல் திகைத்த ஒரு மனிதராகவே வரைந்துள்ளார்.

இரண்டாவது, மைசூர் அணியில் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் பார்வை. அவர் கையில் தொலைநோக்குக் கண்ணாடி உள்ளது. இது கருவியின் பார்வை. வெகுதூரத்தை அளந்து, எங்கே அடிக்கலாம் என்று கணிக்கும் நவீனப் போர்க்கலையின் பார்வை. மைசூர் அரசு ஐரோப்பியரின் அறிவைக் கண்டு ஒதுங்கவில்லை. அதைத் தன் அணியில் நிறுத்திப் பயன்கொண்டது என்பதைச் சுவரே சொல்கிறது.

மூன்றாவது, திப்புவின் பார்வை. போர் உச்சத்தில் இருக்கையில் அவர் கையில் ஒரு ரோஜா மலர் உள்ளது. அதை அவர் முகர்கிறார். அமைதியாக, பக்கத்தோற்றத்தில், எவரையும் நோக்காமல். இது போர்க்களத்தில் உண்மையாக நிகழ்ந்ததன் பதிவு என்று கொள்ள வேண்டியதில்லை. மலர் ஏந்திய அரசர் என்பது இஸ்லாமிய அரச உருவங்களின் பழைய இலக்கணம். கான்ஸ்டான்டினோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் மெஹ்மதை ரோஜா முகர்பவராகக் காட்டும் உஸ்மானியப் படமொன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் உள்ளது. அதே மெஹ்மதை 1480இல் வெனிஸ் ஓவியர் ஜென்டிலே பெல்லினி ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒரே மனிதருக்கு இரு மரபுகள் தந்த இரு முகங்கள் அவை. புள்ளலூர்ச் சுவரை வரைந்தோர் முதல் மரபின் வழிவந்தவர்கள். வெற்றியாளன் வெற்றியைக் கண்டு துள்ளுவதில்லை. பகைவனை உறுத்து நோக்குவதில்லை. காண்பவனிடம் ஒப்புதலும் கேட்பதில்லை.

வாலாஜாவின் நேர்நோக்கையும் திப்புவின் பக்கநோக்கையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்கும். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் ஒரே காலத்தவர், ஒரே நிலத்துக்காக எதிரெதிர் அணியில் நின்றவர்கள். ஒருவர் தம் உருவத்தை இலண்டனுக்கு அனுப்பினார். மற்றவர் தம் உருவத்தைத் தம் மாளிகைச் சுவரில், தம் மக்களும் தூதர்களும் காணுமிடத்தில் வைத்தார். யாருடைய ஒப்புதல் வேண்டப்பட்டது என்பதை அவ்விரு பார்வைகளும் மறைக்காமல் சொல்கின்றன.

வென்றவர் கையில் தூரிகை

காலம் திரும்பியபோது பார்வையும் திரும்பியது. 1792இல் திப்பு தம் அரசில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் இழக்க நேர்ந்த உடன்படிக்கையின் பிணையாக, ஏறத்தாழ பத்தும் எட்டும் வயதான இரு புதல்வர்கள், அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும், காரன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டனர். படையுடன் சென்றிருந்த ராபர்ட் ஹோம் அக்காட்சியைப் பெரும் ஓவியமாக்கினார். தந்தையாகக் கைநீட்டும் ஆளுநர், அவரிடம் தரப்படும் சிறுவர்கள் என்று அமைந்த அப்படத்தில் ஹோம் தம்மையும் ஓரத்தில் வரைந்துகொண்டார். பிணை பிடித்தல் இரக்கமாகக் காட்டப்பட்டது. அதே காட்சியை, இந்தியாவைக் கண்டிராத ஓவியர்களும் இலண்டனில் இருந்தபடி வரைந்து விற்றனர்.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வாயிலின் கீழ் பிணக்குவியலிலிருந்து சுல்தானின் உடல் எடுக்கப்பட்டபோது கண்கள் திறந்திருந்தன. உடல் வெதுவெதுப்பாக இருந்ததால் உயிர் இருக்கிறதோ எனத் தாமும் வெல்லெஸ்லியும் சில கணம் ஐயுற்றோம் என்று உடனிருந்த மேஜர் ஆலன் எழுதி வைத்துள்ளார். பகைவரின் பேனாவிலிருந்து வந்த இந்தச் செய்தியை எந்த ஓவியரும் விஞ்சவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1839இல் டேவிட் வில்க்கி முடித்த புகழ்பெற்ற ஓவியத்தில் நிமிர்ந்து நிற்பவர் டேவிட் பெயர்ட்; அவர் காலடியில் கிடப்பவர் சுல்தான். பெயர்ட் புள்ளலூரில் சிறைப்பட்டவர்களில் ஒருவர். அவர் நிற்கும் இடத்தின் கீழே சிறையின் கம்பிச் சாளரத்தை வரைந்து, புள்ளலூருக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் பழி தீர்த்தது என்று வில்க்கி கதையை முடித்து வைத்தார். வில்க்கி இந்தியாவுக்கு வந்தவரல்லர். படத்தை வரையச் சொன்னவர் பெயர்டின் விதவை மனைவி.

இவற்றுக்கிடையே சற்று வேறானவை தாமஸ் ஹிக்கியின் படங்கள். சென்னையில் தங்கித் தொழில் செய்து 1824இல் அங்கேயே மறைந்த ஹிக்கி, மைசூர் வீழ்ச்சியை அடுத்துத் திப்புவின் புதல்வர்களையும் திவான் பூர்ணய்யாவையும் நேரில் இருத்தி வரைந்தார். கம்பெனியின் தேவைக்காக வரையப்பட்டவைதாம் அவையும். ஆயினும் மனிதர் எதிரில் அமர்ந்திருந்தார் என்பதால், நாட்டை இழந்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களின் முகத்தை எவரோ ஒருவர் உண்மையில் பார்த்தார் என்ற உறுதி அவற்றில் உண்டு.

சித்திரத்துக்கும் இஸ்னாது வேண்டும்

இங்கேதான் நம் முன் ஒரு பொறுப்பு எழுகிறது. தரியா தௌலத் சுவரில் இன்று நாம் காணும் கண்கள் 1784இல் தீட்டப்பட்ட கண்கள் அல்ல. 1799 முற்றுகைக்கு முன்பே ஓவியங்கள் சிதைந்திருந்தன. அங்கே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அவற்றைப் புதுப்பிக்கச் செய்தார். பின்னர் அவை சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. டல்ஹவுசி பிரபு ஆணையிட்டதன் பேரில், பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த இந்திய ஓவியர் ஒருவர் 1855இல் அதை மீண்டும் தீட்டினார். ஆகவே பெய்லியின் விரலும் திப்புவின் மலரும் ஒரு மனிதரின் நினைவு வழியே நம்மை வந்தடைகின்றன.

அதனால் அவற்றைத் தள்ளிவிடலாமா? ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த முறை அதுவன்று. அறிவிப்பாளர் தொடரில் ஓரிடம் மெலிந்திருந்தால், வேறு வழியாக வந்த ஒத்த அறிவிப்பு அதைத் தாங்குகிறதா என்று முஹத்திஸ்கள் பார்ப்பர். அத்தகைய துணைச் சான்றை 'ஷாஹித்' என்பர். புள்ளலூர் ஓவியத்துக்கும் ஒரு ஷாஹித் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாக, பத்துத் தாள்களில் ஏறத்தாழ 32 அடி நீளத்துக்கு அதே போரைக் காட்டும் ஓவியம் ஒன்று இலண்டனில் 2010இலும் மீண்டும் 2022இலும் ஏலத்துக்கு வந்தது. பல்லக்கில் பெய்லியும் சதுர அணியும் வெடிக்கும் மருந்து வண்டியும் அதிலும் உள்ளன. 1855ஆம் ஆண்டின் கைக்கு முற்பட்ட அது, சுவரின் அமைப்பு பெரும்பாலும் பழையதே என்பதை உறுதிப்படுத்துகிறது.

இம்முறையை எல்லா உருவப்படங்களுக்கும் நாம் கையாளலாம். வரைந்தவர் யார்? அவர் மனிதரை நேரில் கண்டாரா? எவருடைய பணத்தில், எந்த அவைக்காக வரைந்தார்? பின்னர் எந்தக் கை அதைத் தொட்டது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை உள்ள படம் வலுவானது. ஒன்றுக்கும் விடையில்லாத படம், எத்தனை உயிர்ப்புள்ள கண்களைக் கொண்டிருந்தாலும், புனைவு.

இது ஏட்டளவில் நிற்கும் ஆய்வு முறை அன்று. திப்பு சுல்தானின் 'புகைப்படம்' என்று ஒன்று கைப்பேசிகளில் உலா வருகிறது. கரிய முகமும் கடுகடுத்த பார்வையும் கொண்ட அப்படத்தைக் காட்டி, 'இவர்தான் உண்மையான திப்பு' என்று சிலர் வெறுப்பை வளர்க்கின்றனர். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். சுல்தான் ஷஹீதானது 1799இல். நாற்பது ஆண்டு இடைவெளி ஒன்றே அப்பொய்யை உடைக்கப் போதும். ஒரு முகத்தின் நிறத்தையும் நோக்கையும் வைத்து மனிதரின் குணத்தை முடிவு செய்யலாம் என்ற நினைப்பு அதனினும் கொடிய பொய். மறுபுறம், நம்மவர் சுவரொட்டிகளில் அச்சிடும் பொன்னிறத் திப்புவும் பெரும்பாலும் எந்த இஸ்னாதும் இல்லாதவரே. நமக்கு உவப்பாக இருக்கிறது என்பதால் ஒரு படம் மெய்யாகிவிடாது. பிறர் பொய்க்குக் கேட்கும் சான்றை நம் விருப்பத்துக்கும் கேட்பதே நீதி.

இல்லாத கண்கள்

ஒன்றைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நிறைவாகாது. நாம் இதுவரை பேசிய கண்கள் அனைத்தும் அரசர்களுடையவை, தளபதிகளுடையவை. போர் நடந்த நிலத்தின் கண்கள் எங்கே? 1780இல் மைசூர்க் குதிரைப்படை, கம்பெனிக்கு உணவும் தீவனமும் கிட்டாதிருக்கும் பொருட்டுச் சென்னையைச் சூழ்ந்த சீமையைப் பாழாக்கியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் பெயர்ந்தனர், தொடர்ந்த ஆண்டுகளில் பஞ்சம் வாட்டியது. அதற்கு முன்னும் பின்னும் நவாபின் கடனுக்கும் கம்பெனியின் வரிக்கும் விளைச்சலையும் நெசவையும் ஈந்தவர்கள் இவ்வட்டார மக்களே. முசரவாக்கத்து உழவரையோ காஞ்சியின் தறிக்காரரையோ கெட்டில் வரையவில்லை, ஹோம் வரையவில்லை, தரியா தௌலத்தின் ஓவியரும் வரையவில்லை. புள்ளலூரில் இன்றும் நிற்கும் இரு நினைவுத்தூண்கள்கூட 1781இல் அங்கு நடந்த அடுத்த போரில் விழுந்த இரு ஆங்கில அதிகாரிகளுக்கே உரியவை. சிப்பாய்களாக இரு அணியிலும் மடிந்த தமிழரும் தெலுங்கரும் தக்கணத்தாரும் கல்லிலும் இல்லை, வண்ணத்திலும் இல்லை.

அந்நூர் அத்தியாயத்தின் முப்பதாம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கே ஆணையிடுகிறது. பார்வை ஓர் அமானிதம் என்பதே அதன் உட்பொருள் என உணர்கிறோம். தீயதிலிருந்து கண்ணைத் தாழ்த்துவது அந்த அமானிதத்தின் ஒரு பாதி. காண வேண்டியதைக் காணத் தவறாதிருப்பது மறுபாதி. வரலாற்றின் படங்களைப் பார்க்கும்போது, நம்மை நேராக நோக்கும் கம்பீரமான கண்களில் மயங்காமலும், பகைவர் தீட்டிய கண்களில் கலங்காமலும், வரையப்படாத கண்களை மறவாமலும் இருப்போமாக. புள்ளலூரில் வென்றவர் யார் என்பதை ஓவியங்கள் சொல்லும். இழந்தவர்கள் யார் என்பதை வரி ஏடுகளிலும் ஊர்க் கணக்குகளிலும் மக்கள் நினைவிலும்தான் தேட வேண்டும். காஞ்சி வட்டாரத்தின் நம் இளைஞர்கள் அத்தேடலைத் தம் ஊர்களிலிருந்தே தொடங்கலாம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.